வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

கதவு வேலை செய்கிறவனிடம் ஒரு தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும், அந்த அறை எதற்கென்று சொல்லிவிடுவான். குளியலறைக்கு உள்பக்கம். சாமான் அறைக்கு வெளிப்பக்கம். நான் என் அக்கா மகளின் அறைக்கு வெளிப்பக்கம் போட்டேன். அதற்காகத்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அவளுக்கு ஏழு வயது. வீட்டில் அவளை ரயில் என்றுதான் கூப்பிடுவோம். கிளம்பினால் நிற்க மாட்டாள். பேச்சு நாலைந்து சொல்லுக்கு மேல் இல்லை, ஆனால் கால் இரண்டும் ஓயாது. கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தால் போதும், படியில் இறங்கித் தெருவில் இருப்பாள். எங்கே போகிறாய் என்று கேட்டால் சிரிப்பாள். பயம் என்ற ஒன்றை அவளுக்கு வைக்க மறந்துவிட்டார்கள். எதிரே வண்டி வந்தால் வண்டிதான் ஒதுங்க வேண்டும்.

அக்கா துணிக்கடை ஒன்றுக்குத் துணி ஓரம் அடித்துக் கொடுக்கிறாள். வீட்டிலேயே தையல் மிஷின். அவள் புருஷன் வேலை தேடிப் போகிறேன் என்று போனவர், வேலையையும் கண்டுபிடிக்கவில்லை, திரும்பி வரும் வழியையும் கண்டுபிடிக்கவில்லை. ஆக, இரண்டு அறையும் ஒரு அடுப்படியும் உள்ள மாடி வீட்டில் அக்காவும் ரயிலும்தான். நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். வாசல் கதவுக்கு நான் போட்டுக் கொடுத்த ஒவ்வொரு பூட்டையும் ரயில் பார்த்தே திறக்கக் கற்றுக்கொண்டாள். சாவிப் பூட்டு போடலாம் என்றால், தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று வீட்டுக்காரர் எகிறினார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

ஒரு நாள் அக்கா தலைக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ரயில் பால் வண்டிக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். டிரைவர் புண்ணியவான், பிரேக் போட்டான். அக்கா சோப்பு நுரையோடு தெருவில் ஓடினாளாம். அன்றைக்கே நகராட்சியின் குழந்தைகள் நலப் பிரிவுக்குப் போய், "எனக்கு உதவி வேணும், என்னால தனியா முடியல" என்று சொன்னாள். யாரும் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை. தன் காலால் நடந்து போய்த்தான் மாட்டிக்கொண்டாள்.

முதலில் வந்தவர் நல்ல மனுஷி. தடிமனான கண்ணாடி போட்டிருப்பார், அதனால் எங்களுக்கு அவர் கண்ணாடியம்மா. வாரம் ஒரு தடவை வருவார். நாற்காலியில் உட்கார மாட்டார். தரையில் ரயிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் விட்டுப்போன திருகாணிகளை அவள் வரிசையாக அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அவர்தான் சொன்னார்.

"நீங்க குளிக்கிற நேரம், அடுப்புல நிக்கிற நேரம், இந்தப் பத்து நிமிஷம்தானேம்மா பிரச்சினை? அவ ரூம் கதவுக்கு வெளிப்பக்கமா ஒரு தாழ்ப்பாள் போட்டுடுங்க. அவளுக்கு எட்டாத உயரத்துல. கதவுல சின்னதா ஒரு கண்ணாடி வைங்க. அவ உள்ள என்ன பண்றான்னு உங்களுக்குத் தெரியணும். உங்க முகமும் அவளுக்குத் தெரியணும்."

நான் போட்டேன். வேறு யார் வீட்டுக்கும் அப்படிப் பார்த்துப் பார்த்துப் போட்டதில்லை. கண்ணாடியின் விளிம்பை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். கதவு இடுக்கில் விரல் சிக்காமல் இருக்க ரப்பர் பட்டை ஒட்டினேன். தாழ்ப்பாளை முதல் தடவை தள்ளியதும், சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் கதவை இரண்டு தட்டுத் தட்டினேன். உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் மூக்கை அதில் அழுத்திக்கொண்டு சிரிக்கிறாள். அதிலிருந்து அது ஒரு விளையாட்டாகிவிட்டது. அக்கா குளிக்கப் போகும்போது இரண்டு தட்டு, அவள் இரண்டு தட்டு. வெளியே வந்ததும் இரண்டு தட்டு, அவள் இரண்டு தட்டு. நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அர்த்தம். அவளிடம் எனக்குத் தெரிந்த முழு வாக்கியம் அது ஒன்றுதான்.

கண்ணாடியம்மாவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அவருக்குப் பிறகு ஒருவர் வந்தார், அவருக்குப் பிறகு இன்னொருவர். யாரும் நாலைந்து மாதம் தாண்டவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் அக்கா முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். எல்லோருக்கும் பிரசவத்திலிருந்து வேண்டும். வலி எப்போது எடுத்தது, புருஷன் எப்போது போனான், முதல் சொல் எப்போது வந்தது. பாதிக் கதையில் அவர்களுக்குப் போன் வரும். கடைசியாக வந்தவளுக்கு நாங்கள் வைத்த பெயர் புதுசு. சின்ன வயசு, பளிச்சென்ற செருப்பு, எதைத் தொட்டாலும் கையைத் துடைத்துக்கொள்வாள். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குத் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும்.

புதுசு முதன்முதலாக வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். அக்கா டீ போடப் போகிறேன் என்று வழக்கம்போல ரயிலை அறையில் விட்டுத் தாழ்ப்பாளைத் தள்ளினாள், இரண்டு தட்டினாள். புதுசு கையிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இது என்ன?"

"தாழ்ப்பாள்," என்றாள் அக்கா.

"கதவுக்கு வெளியில எதுக்கு?"

"அடுப்பு எரியுதுல்ல, அவ ஓடி வந்துருவா. உங்க ஆபீஸ்ல சொல்லித்தான் போட்டோம்."

"எங்க ஆபீஸ்ல யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க."

"கண்ணாடி போட்டவங்க ஒருத்தங்க வருவாங்கல்ல, அவங்கதான்..."

"அவங்க இப்ப இல்ல. நான் அவங்க எழுதினதெல்லாம் படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன். தாழ்ப்பாள்னு ஒரு வார்த்தை இல்ல." போனை எடுத்துத் தாழ்ப்பாளைப் படம் பிடித்தாள். கண்ணாடியைப் படம் பிடித்தாள். கண்ணாடிக்குப் பின்னால் ரயில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். அதையும் பிடித்தாள்.

"உங்களுக்குச் சந்தேகமா இருந்தா அவங்களுக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்க," என்றேன்.

"மாறிப் போனவங்கள பழைய குடும்பத்தப் பத்திக் கேக்கக் கூடாது சார். ரூல்ஸ்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. நான் என்ன பேசினேன் என்று இங்கே எழுத வேண்டாம். பேசாமல் இருந்திருந்தாலும் அவர்கள் செய்வதைத்தான் செய்திருப்பார்கள். மறுநாள் கார் வந்தது. அவர்கள் சொன்ன காரணம் மூன்று: குழந்தையை அறையில் அடைத்து வைத்தது, வேவு பார்க்கக் கதவில் துளை போட்டது, வீட்டில் கூச்சல் போடும் ஆண் ஒருவர். மூன்றாவது நான். தற்காலிகமாக என்றார்கள். ரயில் காரைப் பார்த்ததும் தானே ஓடிப் போய் ஏறிக்கொண்டாள். அவளுக்கு வண்டி என்றால் உயிர். அக்கா அழக்கூடத் தோன்றாமல் தையல் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று முதல் அக்காவுக்கு வாரம் ஒரு மணி நேரம். அலுவலகத்தில் ஒரு அறை, சக்கரம் போன பொம்மைக் கார்கள், மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருக்கும் ஒருத்தி. அந்த அறைக்கதவில் எண்களை அழுத்தினால்தான் திறக்கும் பூட்டு இருக்கிறது என்று அக்கா சொன்னாள். அது நான் போட்டதல்ல. எனக்கு ரயிலைப் பார்க்க அனுமதி கிடையாது. விதிகளை மீறி யாராவது அவளைச் சந்தித்தால் அந்த ஒரு மணி நேரமும் போய்விடும் என்று அக்காவிடம் சொல்லியிருந்தார்கள். அவள் எந்த விடுதியில் இருக்கிறாள் என்பதையும் சொல்லவில்லை. ஒரு வாரம் ரயில் மணிக்கட்டில் கட்டோடு வந்தாளாம். என்ன ஆச்சு என்றதற்கு, விளையாடும்போது விழுந்துட்டா என்று மூலையில் இருந்தவள் எழுதிக்கொண்டே சொன்னாளாம்.

அக்காவுக்கு உதவ ஒரு வக்கீலம்மாவைக் கொடுத்திருந்தார்கள். அந்த அம்மா கையில் எப்போதும் பத்துப் பேரின் வழக்கு இருக்கும். அவர் சொன்னது ஒன்றுதான். "தாழ்ப்பாள் போட்டது தப்புன்னு ஒத்துக்கோங்க. விளக்கம் சொல்லாதீங்க. ஒத்துக்கிட்டாத்தான் திருந்திட்டீங்கன்னு எடுத்துப்பாங்க. திருந்தினாத்தான் பிள்ளைய அனுப்புவாங்க." மறுபரிசீலனைக் கூட்டம் மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை. அக்கா ஓரம் அடித்துக்கொண்டே, தப்புதான், இனிமே போட மாட்டேன், தப்புதான், இனிமே போட மாட்டேன் என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். நான் கழற்றி வைத்த தாழ்ப்பாள் அலமாரியில் கிடந்தது. கதவில் நாலு ஓட்டை மட்டும் மிச்சம்.

முதல் வாரமே செவ்வாய்க்கிழமை நகராட்சிப் பராமரிப்புப் பிரிவின் மேற்பார்வையாளர் கூப்பிட்டார். அவர்களுடைய நூலகம், மருத்துவமனை, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் கதவு வேலை நான்தான் வருஷக்கணக்காகச் செய்கிறேன். பராமரிப்புப் பிரிவு கீழ்மாடியில், குழந்தைகள் நலப் பிரிவு மேல்மாடியில். ஒருவர் முகத்தை ஒருவர் லிஃப்டில்தான் பார்ப்பார்கள்.

"ஒரு சின்ன வேலை. குழந்தைங்க விடுதி ஒண்ணு. ஒரு பொண்ணு ஓடிக்கிட்டே இருக்காளாம். ரூமுக்கு வெளிய, மேல, ஒரு தாழ்ப்பாள். உள்ள பாக்க ஒரு கண்ணாடி. நீங்கதான் நீட்டா பண்ணுவீங்க. நாளைக்கே வேணுமாம்."

விலாசம் சொன்னார், எழுதிக்கொண்டேன். எங்கள் ஊரில் ஓடுகிற பெண் குழந்தை ஒருத்திதானா, வேறு யாராகவும் இருக்கலாம் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். சொன்னேன். மிஷினை நிறுத்தினாள். திட்டுவாள், அழுவாள், போகாதே என்பாள் என்று நினைத்தேன். மேற்பார்வையாளரிடம் முடியாது என்று சொல்லிவிட்டு, அலமாரியில் கிடந்த தாழ்ப்பாளைக் கொண்டுபோய்ப் புதுசு மேஜையில் போடுவதாகத்தான் என் திட்டம்.

"நீ போகலன்னா வேற யாராவது போடுவான்," என்றாள். "அவன் ரப்பர் ஒட்ட மாட்டான். அவ விரல் நசுங்கும். நீயே போ."

"அக்கா, இதுக்காகத்தானே உன்கிட்டருந்து பிடுங்கினாங்க!"

"தெரியும்டா. தாழ்ப்பாள் இல்லன்னா அவ ரோட்டுக்கு ஓடிடுவா. அதுவும் தெரியும். போயிட்டு வா. அங்க யாருகிட்டயும் வாயத் திறக்காத. கூட்டம் முடியட்டும்."

விடுதி பழைய இரண்டு மாடி வீடு. வார்டன் அம்மா வாசலிலேயே நின்றார். தூக்கமில்லாத முகம், காலுக்கொரு நிறத்தில் சாக்ஸ். "வாங்க, வாங்க, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். என்னால அவ பின்னாடி ஓட முடியல. எனக்கு இன்னும் எட்டுப் பிள்ளைங்க இருக்கு. ரெண்டு தடவ கேட் வரைக்கும் போயிட்டா. ஒரு தடவ ரோட்டுக்கே போயி ஸ்கூட்டர் தட்டிடுச்சு. நல்ல வேளை, கையோட போச்சு."

விளையாடும்போது விழுந்த கை. பையை இறக்கி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ரயில்தான். படிக்கட்டு ஓரத்தில் உட்கார்ந்து சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்து ஓடி வந்து கட்டிப்பிடிக்கிற பிள்ளை இல்லை அவள். என் பைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், திருகாணி டப்பாவைத் திறந்தாள், அடுக்க ஆரம்பித்தாள். எனக்கு வேண்டிய அளவைக் கேட்காமலே எடுத்து நீட்டினாள், வீட்டில் நீட்டுகிற மாதிரியே, தலைப்பக்கம் என் பக்கமாக.

"அட, யார்கிட்டயும் போக மாட்டா. உங்ககிட்ட ஒட்டிக்கிட்டாளே!" என்றார் வார்டன் அம்மா.

"சில பிள்ளைங்களுக்கு டூல்ஸ்னா பிடிக்கும்," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல் இருந்தது.

கண்ணாடியின் விளிம்பைத் தேய்த்தேன். ரப்பர் பட்டை ஒட்டினேன். அக்கா வீட்டில் போட்டதைவிடக் கொஞ்சம் மேலே போட்டேன், இந்தச் சில மாதத்தில் அவள் வளர்ந்திருந்தாள். வேலை முடிந்தது. வார்டன் அம்மா ரயிலைத் தோளில் கைவைத்து உள்ளே அனுப்பிவிட்டு, "எங்க, போட்டுப் பாருங்க" என்றார். தள்ளினேன். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

உள்ளேயிருந்து இரண்டு தட்டு.

வார்டன் அம்மா எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றார். கண்ணாடியில் ரயிலின் மூக்கு. மறுபடி இரண்டு தட்டு, கொஞ்சம் அவசரமாக. மூன்றாவது தடவை தட்டிவிட்டு, பதில் வராததால் அவள் முகம் மாறத் தொடங்கியது. நான் ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் கைப்பிடியால் தாழ்ப்பாளுக்குக் கீழே இரண்டு தட்டினேன்.

"கரெக்டா உக்காந்திருக்கான்னு பாக்குறேன்," என்றேன்.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. "சிரிக்கிறா பாருங்க!" என்று வார்டன் அம்மா மகிழ்ந்து போனார். "வந்ததுலருந்து இன்னைக்குத்தான் சிரிக்கிறா." நான் பையை எடுத்துக்கொண்டு, டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

அக்காவிடம் எல்லாம் சொன்னேன், ஸ்கூட்டரையும் சேர்த்து. உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "கூட்டத்துல இதக் கேக்கலாம். எப்படித் தெரியும்னு திருப்பிக் கேப்பாங்க. அந்த ஒரு மணி நேரமும் போயிடும்" என்றாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடித்தது.

கூட்டம் நடந்த வியாழக்கிழமை, நீளமான மேஜை. தலைமை அதிகாரி ஒரு பக்கம், புதுசு அவருக்குப் பக்கத்தில், வக்கீலம்மா அக்காவுக்குப் பக்கத்தில். கூச்சல் போடும் ஆணாகிய நான், வாயைத் திறக்க மாட்டேன் என்ற நிபந்தனையில், கடைசி நாற்காலியில். அக்கா தன் செருப்புக் காலை என் காலின் மேல் வைத்துக்கொண்டாள். சுவரில் படம் போட்டார்கள். என் தாழ்ப்பாள், ஆள் உயரத்துக்கு. நல்ல வேலை என்றுதான் எனக்குத் தோன்றியது.

"இதப் பாக்கும்போது இப்ப உங்களுக்கு என்ன தோணுது?" என்று தலைமை அதிகாரி மெதுவாகக் கேட்டார்.

"தப்புதான்," என்றாள் அக்கா. "இனிமே போட மாட்டேன்."

"அந்தக் குழந்தை உள்ள என்ன உணர்ந்திருப்பான்னு நினைக்கிறீங்க?"

இதற்கு அவள் பழகியிருக்கவில்லை. "பயந்திருப்பா," என்றாள். ரயில் மூக்கை அழுத்திச் சிரித்தது எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். தலைமை அதிகாரி தலையாட்டினார், வக்கீலம்மா அக்காவின் கையைத் தட்டிக்கொடுத்தார். புதுசுக்குக்கூடக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்றே நான் நம்பினேன்.

பிறகு புதுசு விடுதியிலிருந்து வந்த அறிக்கையை வாசித்தாள். ஆரம்பத்தில் ஒரு சிறிய சம்பவம். அதைத் தொடர்ந்து தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யப்பட்டது. அதன்பின் குழந்தை ஒருமுறைகூட வெளியே ஓடவில்லை. அமைதியாக இருக்கிறாள். சிரிக்கிறாள். குறிப்பிடத்தக்க முன்னேற்றம்.

"ரொம்ப நல்லது," என்றார் தலைமை அதிகாரி. அக்கா பக்கம் திரும்பினார். "வீட்டுக்கு அனுப்பினா, நீங்க குளிக்கிற நேரம், சமைக்கிற நேரம், அவ ஓடாம எப்படிப் பாத்துப்பீங்க?"

அக்காவிடம் இருந்த ஒரே பதிலைத்தான் தப்பு என்று கொஞ்சம் முன்னால் ஒத்துக்கொண்டிருந்தாள்.

"அங்க என்ன ஏற்பாடு மேடம்?" என்று நான் கேட்டுவிட்டேன். அக்காவின் குதிகால் என் பாதத்தை அழுத்தியது. "நாங்களும் தெரிஞ்சுக்கலாமேன்னு."

"அது வீட்டுல பண்ற மாதிரி இல்ல சார்," என்றாள் புதுசு. "முறையா ஆய்வு பண்ணி, அதுக்குன்னே இருக்கிற ஆள வச்சுப் பண்ணினது."

"ஆள் நல்ல ஆளா?"

"சார், தயவுசெஞ்சு."

வாயைக் கட்டிக்கொண்டேன். குழந்தை இப்போது இருக்கும் இடத்தில் பாதுகாப்பாக இருப்பதாலும், தாயிடம் மாற்று ஏற்பாடு எதுவும் இல்லாததாலும், அடுத்த கூட்டம் வரை அங்கேயே இருக்கட்டும் என்று முடிவானது. அடுத்த கூட்டம் அடுத்த வருஷம். அக்கா திருந்தியதற்குப் பாராட்டும் சேர்த்துச் சொன்னார்கள். வக்கீலம்மா, "மனசு விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு ஓடினார்.

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது என் போன் அடித்தது. பராமரிப்பு மேற்பார்வையாளர். விடுதியிலிருந்து ரொம்பப் பாராட்டினார்களாம். இன்னும் இரண்டு அறைக்கு அதே மாதிரி வேண்டுமாம், அடுத்த வாரம் முடியுமா என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அக்காவுக்குக் கேட்டிருந்தது.

"போய்ப் போடு," என்றாள். "அவளப் பாத்துட்டு வரலாம்ல."

"ம்."

"நிஜமாவே அன்னைக்கு ரெண்டு தட்டு தட்டினாளா?"

"தட்டினா. நானும் தட்டினேன்."

கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "அப்படியே அவ தாழ்ப்பாள்ல ஒரு ஸ்க்ரூவ லூஸ் பண்ணிட்டு வா. கொஞ்ச நாள்ல ஆடும். சரி பண்ண மறுபடியும் உன்னத்தான் கூப்பிடுவாங்க. மறுபடியும் பாக்கலாம்."

"லூஸா இருந்தா அவ திறந்துட்டு ஓடிடுவாளேக்கா."

அக்கா என்னைப் பார்த்தாள். கூட்டத்தில் வராத அழுகை அப்போது வந்தது, சத்தமில்லாமல், வாயைக் கோணலாக்கிக்கொண்டு. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"ஆமாம்ல," என்றாள். "வேண்டாம்டா. இறுக்கியே போடு."